ஸர் ஜார்ஜ் ஹாம்ஸன்

மழைக்கால இரவுகளில், திருச்சியிலாயினும் ஸ்ரீரங்கத்திலாயினும், நாம் படிக்கும் விளக்கைச் சுற்றி விட்டில்கள் வீழ்வதைக் காணாதார் இலர். அவற்றின் பெயரறிவார் எத்தனை பேர்?

1860-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த ஜார்ஜ் பிரான்ஸிஸ் ஹாம்ஸன், ஆக்ஸ்போர்டில் கற்றபின், தேயிலை பயிரிட நம் நீலகிரிக்கு வந்தார். அம்மலைக்காட்டு விட்டில்கள் அவருள்ளத்தைக் கவர்ந்தன. விட்டிலின் நிறம் செதில்களோடு உதிர்ந்துபோம். சிறகின் நரம்புகளோ நிலைத்து நிற்கும். ஆதலின் அந்நரம்புகளின் அமைப்பையே முதன்மையாகக் கொண்டு அவர் இனங்களை வகுத்தார்.

தாயகம் திரும்பி, லண்டன் பொருட்காட்சிச் சாலையில் முதலில் ஊதியமின்றியே உழைத்தார். 1891-இல் நீலகிரி விட்டில்களைப் பற்றியும், 1893-இல் இலங்கை விட்டில்களைப் பற்றியும் நூல்கள் இயற்றினார். 1892 முதல் 1896 வரை இந்திய விட்டில்களை 4 பாகங்களில் விவரித்தார். பின்னர் உலகத்து விட்டில்கள் அனைத்தையும் தொகுக்கத் துணிந்தார். 1920-க்குள் 15 தொகுதிகள் வெளிவந்தும் அப்பணி முற்றவில்லை. 1936-இல் அவர் காலமானார்.

அவர் இட்ட பெயர்களிற் சில பிற்கால ஆராய்ச்சியால் மாறின. எனினும் அறிஞர் இன்றும் அவர் நூலை நாடுகின்றனர். ஆயின் அவரை மலைக்கு அழைத்த தேயிலையே சோலைகள் பலவற்றை விழுங்கிற்று. பெயர் பெறுமுன்னரே மடிந்த உயிர்கள் எத்தனையோ! நண்பர்களே, இன்றிரவு ஏட்டின்மேல் வீழும் விட்டிலைத் தட்டிவிடுமுன் சற்றே உற்று நோக்குவோமாக.