கதவைத் திறந்த வழக்கறிஞர் – புதுவைப் பொன்னுத்தம்பி லா போர்த்

பிரெஞ்சு மொழி பேசிய பெருமக்கள் என்றவுடன் வோல்தேர், ரூசோ, விக்தோர் உய்கோ ஆகியோரே நம் நினைவுக்கு வருவர். அம்மொழியைக் கற்று, ஆட்சியாளரின் சட்டத்தைக் கொண்டே ஆட்சியாளரிடம் நீதி பெற்ற தமிழர் ஒருவர் நமக்கு அண்மையிலுள்ள புதுவையில் வாழ்ந்தார். அவரே பொன்னுத்தம்பிப் பிள்ளை. அவர் நம் சமுதாயத்தில் பிறந்தவர் அல்லர். எனினும் அவர் திறந்த கதவின் வழியே நம் மக்கள் பலர் நுழைந்தனர். ஆதலின் அவர் வரலாற்றை இவ்வெள்ளிவிழா மலரில் நம் இளைஞர்க்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

பொன்னுத்தம்பியார் புதுவை நீதிமன்றத்தில் வழக்கறிஞராக விளங்கினார். அந்நாளில் இந்திய வழக்கறிஞர்கள் ஐரோப்பிய முறைக் காலணி அணிந்து நீதிமன்றத்துள் நுழைதல் கூடாது என்பது விதி. 1873ஆம் ஆண்டு அவர் காலணியுடனேயே உள்ளே சென்றார். நீதிமன்றம் அவர்மீது நடவடிக்கை எடுத்தது. அவர் பணியவில்லை, பாரிசிலுள்ள உச்ச நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டுசென்று வெற்றி பெற்றார்.

அவர் அத்துடன் அமைதியடையவில்லை. இந்தியர் தத்தம் சாதி வழக்கப்படியே நடத்தப்படுவர் என 1819ஆம் ஆண்டு ஆணை கூறிற்று. பழக்கவழக்கங்களுக்கு மதிப்பளிப்பதாகத் தோன்றிய அவ்வாணை, சாதிக்கும் காவலாக நின்றது. விரும்புவோர் அவ்வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வர 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை வழிவகுத்தது. அவ்வாறு துறந்தோர் ரெனோன்சான் எனப்பட்டனர். ஒருமுறை துறந்தால் மீளுதல் இல்லை. மகனைப் போலவே மகளும் சொத்தில் பங்கு பெறுவாள். துறந்தவர் புதிய குடும்பப் பெயரொன்றைச் சூட வேண்டும். பொன்னுத்தம்பியார் பிள்ளை என்னும் பட்டத்தை நீக்கி லா போர்த் எனும் பெயரை ஏற்றார். அச்சொல்லுக்குக் கதவு என்பது பொருள்.

உயர்சாதியினரில் பெரும்பாலோர் அக்கதவை நாடவில்லை. நாடியோருள் கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட மக்களுமே மிகுதி. பெயரைக் கேட்டவுடனே சாதியை அறிந்துகொள்ளும் நாட்டில், சாதி தெரியாத பெயரொன்று அவர்களுக்குக் கிடைத்தது. பிரெஞ்சு மொழி கற்றவர்கள் இந்தோசீனத்துக்குச் சென்று அரசுப் பணியிலும் படையிலும் சேர்ந்தனர்.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தல் ஆகாது. பெயர் மாறியதே தவிர, சேரியும் ஊரும் ஒன்றாகிவிடவில்லை. பழமையைக் காக்க முனைந்தோர், துறந்தோரின் அரசியல் உரிமையைக் குறைக்கவும் முயன்று வெற்றி கண்டனர். சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே சென்று நிலைபெறக் கல்வியும் ஒற்றுமையும் வேண்டும். பொன்னுத்தம்பியார் வென்றதும் காலணியால் அன்று. சட்டம் கற்றிருந்தமையால் அன்றோ?

செருப்பைக் கையில் ஏந்தி ஊர்த்தெருவைக் கடந்தோர் நம் முன்னோர். இன்று செம்பரம்பாக்கத்து இளைஞர்கள் பாதுகாப்புக் காலணி அணிந்து திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். இது சிறிய மாற்றம் அன்று. எனினும் தொழிற்சாலை வாயிலோடு நம் பயணம் முடிதல் ஆகாது. சட்டக் கல்லூரியும் நீதிமன்றமும் ஆட்சி அலுவலகமும் நம் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கின்றன. கற்போம், கற்பிப்போம், அடுத்தவர்க்கும் கதவைத் திறந்து வைப்போம்.