நெற்றித் தோலில் புது மூக்கு: யார் இந்த கவாஸ்ஜி?

ஸ்ரீ சிட்டியில் வேலை பார்க்கும் நீங்கள், லீவுக்கு சித்தூர், பலமனேர் வழியா பெங்களூரு போயிருப்பீங்க. வழியில் வரும் மொகிலி கணவாய் வழியாகத்தான் 1791-ல் கார்ன்வாலிஸின் ஆங்கிலப் படை மைசூர் பக்கம் ஏறியது. அந்தப் போரில் ஆங்கிலேயருக்கு மாடு ஓட்டியவர் கவாஸ்ஜி. தோல் புற்றுநோயால் மூக்கை இழப்பவர்களுக்கு இன்று நடக்கும் சிகிச்சையில் அவர் கதையும் இருக்கிறது.

என்ன நடந்தது?

கவாஸ்ஜி மராத்திய உழவர். 1792-ல் திப்பு சுல்தான் தரப்பிடம் சிக்கினார். மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. கிழக்கிந்திய கம்பெனி ஓய்வூதியம் கொடுத்தது. ஆனால் முகம்? அவமானத்தை நாம இன்னும் 'மூக்கறுபட்டது' என்கிறோமே, அவருக்கு அது வெறும் பேச்சு இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே வாழ்ந்தார்.

மூக்கு எப்படி வந்தது?

புனே அருகே, செங்கல் செய்யும் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் சிகிச்சை செய்தார். மெழுகில் மூக்கின் வடிவம் எடுத்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து வரைந்தார். அந்த அளவுக்குத் தோலை உரித்தார். ஆனா முழுசா வெட்டி எடுக்கலை; கண்களுக்கு நடுவே ஒரு பட்டையை விட்டுவைத்தார். விஷயமே அதில்தான். அதன் வழியே ரத்தம் ஓடியதால் தோல் சாகவில்லை. தோலைத் திருப்பிக் கீழிறக்கி மூக்கில் பொருத்தினார். சுமார் 25 நாள் கழித்து பட்டையை வெட்டினார். மயக்க மருந்து இல்லாத காலம் அது.

லண்டனுக்குப் போனது எப்படி?

1794 அக்டோபரில் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதைப் படத்தோடு வெளியிட்டது. லண்டன் மருத்துவர் ஜோசப் கார்ப்யூ சடலங்களில் பழகிப் பார்த்து, 1814-ல் ஒரு ராணுவ அதிகாரிக்கு இதே முறையில் மூக்கு அமைத்தார். 1816-ல் புத்தகமும் எழுதினார். ஐரோப்பா இதை 'இந்திய முறை' என்றே அழைத்தது.

இன்று?

மூக்கு வெயில் அதிகம் படும் இடம். முகத்தில் தோல் புற்று அடிக்கடி வருவதும் அங்கேதான். அதை அகற்றும்போது பெரிய பள்ளம் விழுந்தால், மருத்துவர்கள் இன்றும் நெற்றித் தோலை இறக்குகிறார்கள். தேவைப்பட்டால் காதிலிருந்து குருத்தெலும்பு எடுத்து உள்ளே வைக்கிறார்கள். பட்டையை சுமார் 3 வாரம் கழித்து வெட்டுகிறார்கள். அந்த 3 வாரம் கண்ணாடி பார்க்கவே பயமா இருக்கலாம். ஆனால் புது மூக்குக்கு உயிர் கொடுப்பதே அந்தப் பட்டைதான். முகத்தில் ஆறாத புண் இருந்தால் சீக்கிரம் காட்டிடுங்க. சின்னதாக இருக்கும்போது பெரும்பாலும் சில தையல்களோடு முடிந்துவிடும்.

கவாஸ்ஜியின் பெயரும் படமும் இன்றுவரை இருக்கின்றன. அவருக்கு மூக்கு கொடுத்தவரின் பெயரை மட்டும் அந்தப் பத்திரிகை எழுதவில்லை.