கலைஞர் கிரீஷ் சந்திர கோஷ்

மட்டுநகர் வாவிக்கரையில் விபுலாநந்த அடிகள் வளர்த்த இராமகிருஷ்ண மிஷன் பணியின் பயனை நுகரும் நாம், அப்பரமஹம்சரின் சீடராகிய நாடகக் கலைஞர் ஒருவரை நினைவுகூருவோமாக.

கிரீஷ் சந்திர கோஷ் 1844இல் கல்கத்தாவிற் பிறந்தார். இளமையிலே பெற்றோரை இழந்தார். பள்ளிப் படிப்பும் முற்றுப்பெறவில்லை. தாமே கற்று, நாடகாசிரியராகவும் நடிகராகவும் வங்கமெங்கும் புகழ்பெற்றார். ஆயினும் மதுவுக்கு அடிமையாயிருந்தார்.

1884இல் அவரது சைதன்ய லீலையைக் காணப் பரமஹம்சர் நாடகசாலைக்கு எழுந்தருளினார். பின்னர், காலையும் மாலையும் இறைவனை நினைக்கும்படி குரு பணித்தபோது, அதற்கும் உறுதிகூற அஞ்சிய கிரீஷ், தம் பொறுப்பனைத்தையும் அவரிடமே வக்காலத்தாக ஒப்படைத்தார். குரு குடியைக் கண்டித்து அவரை ஒதுக்கவில்லை. அந்த அன்பே நாளடைவிற் குடியை ஒதுக்கியது. நாடகத்தையும் துறக்க எண்ணியபோது, அது மக்களுக்கு நன்மை தருமென்று குரு தடுத்தார். 1912இல் மறையும்வரை கிரீஷ் கலைக்கே உழைத்தார்.

இளைஞர்களே, விடவேண்டியது தீய பழக்கத்தை, கலையை அன்று. தவறிய தோழரையும் வெறுக்காது அணைப்போம்.