படியில் பின்னோக்கி இறங்கிய பெரியவர்

66 வயதில் பத்தியம் தொடங்கி 46 ராத்தல் இளைத்த வில்லியம் பான்டிங்கின் கதை

லண்டன் மாநகரில் ஒரு வீடு. மாடியிலிருந்து ஒரு பெரியவர் கீழே இறங்குகிறார். எப்படி இறங்குகிறார் தெரியுமா? முகத்தை மாடிப் பக்கம் வைத்துக்கொண்டு, முதுகைக் கீழ்ப் பக்கம் திருப்பி, ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி இறங்குகிறார். நடக்கப் பழகும் குழந்தை இறங்குமே, அதைப்போல!

விளையாட்டுக்காக அல்ல. நேராக இறங்கினால் உடம்பின் பாரம் முழுவதும் முழங்காலிலும் கணுக்காலிலும் போய் விழுகிறது. வலி உயிர் போகிறது. ஏறினாலோ மூச்சு வாங்குகிறது. குனிந்து தம் பூட்ஸ் கயிற்றைத் தாமே கட்டிக்கொள்ள அவரால் முடியாது. முழங்கால்களுக்குக் கட்டுப் போட்டிருந்தார். தொப்புளில் குடல் இறக்கம் வேறு. கண் பார்வை மங்கி வந்தது. காதும் மந்தமாகிவிட்டது.

அது 1862-ம் ஆண்டு. அந்தப் பெரியவரின் பெயர் வில்லியம் பான்டிங். வயது 66-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. உயரம் 5 அடி 5 அங்குலம். எடை 202 ராத்தல். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 92 கிலோ.

இந்த வயதில் இனி என்ன செய்ய முடியும் என்று பலர் கைவிட்டுவிடுவார்கள். பான்டிங் கைவிடவில்லை. ஒரே ஆண்டில் 46 ராத்தல் இளைத்தார். எப்படி இளைத்தார் என்பதை ஊருக்கெல்லாம் எழுதியும் வைத்தார்.

மன்னர்களின் சவப்பெட்டி

பான்டிங் பிறந்தது 1796-ம் ஆண்டு வாக்கில். அவருடைய குடும்பம் லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் தொழில் நடத்தியது. பெரிய மனிதர்களின் சவ அடக்கத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் செய்து கொடுப்பது அவர்கள் தொழில். சவப்பெட்டி செய்வது, ஊர்வலத்துக்கு வண்டி ஏற்பாடு செய்வது, கறுப்புத் துணி கட்டுவது, எல்லாம் அவர்கள் பொறுப்பு.

சாதாரணத் தொழில் என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்து அரச குடும்பமே அவர்களைத்தான் அழைத்தது. 1820-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர், 1830-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர், 1861-ல் விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர், இவர்களுடைய இறுதி யாத்திரையை நடத்தியது பான்டிங் குடும்பத்தின் தொழிலகமே. நெப்போலியனை வாட்டர்லூவில் முறியடித்த வெல்லிங்டன் பிரபு 1852-ல் காலமானார். லண்டனே திரண்டு நின்று பார்த்த அந்த ஊர்வலத்தையும் அவர்களே நடத்தினார்கள்.

பான்டிங் சோம்பேறி அல்ல. ஐம்பது ஆண்டுகள் உழைத்தவர். பெருந்தீனிக்காரரும் அல்ல. அவருடைய தாய் தந்தையர் வழியில் பருமன் உடம்பு கிடையாது. ஆனாலும் முப்பது வயதைத் தாண்டியதும் அவருக்குச் சதை போடத் தொடங்கியது.

படகும் பயன்படவில்லை

உடம்பை அசைத்து வேலை செய்தால் இளைக்கலாம் என்று வைத்திய நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். பான்டிங் அப்படியே செய்தார். அவர் வீடு ஆற்றின் அருகே இருந்தது. கனமான படகு ஒன்றும் வைத்திருந்தார். தினமும் அதிகாலையில் இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்டார்.

பலன் என்ன? கைகால்களில் வலு ஏறியது உண்மைதான். ஆனால் பசியும் ஏறியது. அகோரப் பசி! பசித்ததால் சாப்பிட்டார். சாப்பிட்டதால் எடை இன்னும் கூடியது. படகை நிறுத்திவிடும்படி அந்த நண்பரே சொல்லிவிட்டார்.

பிறகு அவர் செய்யாத வைத்தியம் இல்லை. கடற்காற்று வாங்கினார். கடலில் குளித்தார். குதிரை ஏறினார். லெமிங்டன், செல்டன்ஹாம், ஹாரகேட் முதலிய ஊர்களுக்குப் போய் அங்குள்ள ஊற்று நீரைக் குடித்தார். மருந்துகளை ஏராளமாகக் குடித்தார். ஆவியில் உட்கார்ந்து வியர்க்க வைக்கும் துருக்கிக் குளியல் தொண்ணூறு எடுத்தார். அத்தனை குளியலுக்கும் குறைந்தது 6 ராத்தல்தான்.

வயிற்றைக் காயப்போட்டும் பார்த்தார். அதில் உடம்பு தளர்ந்ததே தவிர, தொந்தி கரையவில்லை.

வெளியே போனால் கேலி. குதிரை பூட்டிய பொது வண்டியில் அவர் ஏறினால் மற்றவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். தெருவில் விடலைகள் ஏதாவது சொல்லிச் சிரிப்பார்கள். கூட்டங்களுக்குப் போவதையே அவர் குறைத்துக்கொண்டார். தடித்த உடம்புள்ளவனை ஊர் பரிகாசம் செய்கிறது. அவன் படும் வேதனையை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்று பிற்காலத்தில் மனம் நொந்து எழுதினார்.

காது வைத்தியர் கண்ட வழி

இருபது ஆண்டுகளுக்கு மேல் கிட்டாத வழி, ஒரு நாள் தற்செயலாகக் கிடைத்தது.

1862 ஆகஸ்டில் பான்டிங்கின் காது மிகவும் மந்தமாகிவிட்டது. அவர் வழக்கமாகப் பார்த்த வைத்தியர் விடுமுறையில் வெளியூர் போயிருந்தார். ஆகவே வில்லியம் ஹார்வி என்ற வேறொரு காது வைத்தியரிடம் போனார். ரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்த ஹார்வி அல்ல இவர். அவர் இருநூறு ஆண்டுகளுக்கு முந்தியவர்.

ஹார்வி காதைப் பார்த்தார். உடம்பையும் பார்த்தார். காதுக்கு உள்ளே சேர்ந்த கொழுப்புதான் காதை அடைக்கிறது என்று முடிவு செய்தார். காதுக்கு மருந்து கொடுப்பதற்குப் பதிலாக, சாப்பாட்டை மாற்றச் சொன்னார்!

இந்த யோசனை ஹார்விக்கு எங்கிருந்து வந்தது? சில ஆண்டுகளுக்கு முன் அவர் பாரிஸ் நகருக்குப் போயிருந்தார். அங்கே கிளாட் பெர்னார்ட் என்ற பெரிய விஞ்ஞானி சர்க்கரை வியாதி பற்றிச் சொற்பொழிவு செய்தார். நமது கல்லீரல் சர்க்கரையைச் சேர்த்து வைத்து, ரத்தத்தில் விடுகிறது என்று கண்டறிந்தவர் அவர். அதைக் கேட்ட ஹார்வி, மாவுப் பண்டமும் சர்க்கரையும்தான் உடம்பில் கொழுப்பை வளர்க்கின்றனவோ என்று சிந்தித்தார்.

பான்டிங் அதுவரை சாப்பிட்டது என்ன? காலையில் ரொட்டியும் பாலும். அல்லது பாலும் சர்க்கரையும் நிறையப் போட்ட தேநீரும் வெண்ணெய் தடவிய ரொட்டியும். பகலில் மாமிசம், பீர், ஏராளமான ரொட்டி, மாவுப் பலகாரம். மாலையில் மறுபடி காலை ஆகாரத்தைப் போலவே. இரவில் பழம் வைத்த பலகாரம், அல்லது ரொட்டியும் பாலும்.

ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு. இந்த ஆறையும் கூடிய மட்டும் விட்டுவிடும்படி ஹார்வி சொன்னார். அப்பாவிப் பண்டங்கள் என்று தாம் நினைத்தவையே தமக்குச் சத்துருவாக இருந்தன என்று அறிந்த பான்டிங் அதிசயப்பட்டுப் போனார்.

பட்டினி வேண்டாம்

பட்டினி கிடக்கும்படி ஹார்வி சொல்லவில்லை. தினம் நான்கு வேளை ஆகாரம். ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு.

காலையில் 4 அல்லது 5 அவுன்ஸ் மாமிசமோ மீனோ. பால், சர்க்கரை இல்லாத தேநீர். வாட்டிய ரொட்டி ஒரே அவுன்ஸ். பகலில் 5 அல்லது 6 அவுன்ஸ் மீன் அல்லது மாமிசம். உருளைக்கிழங்கைத் தவிர எந்தக் காய்கறியும் உண்ணலாம். மாலையில் கொஞ்சம் பழமும் தேநீரும். இரவில் 3 அல்லது 4 அவுன்ஸ் மாமிசம் அல்லது மீன். அக்கால லண்டன் வழக்கப்படி ஒயினும் இடம்பெற்றிருந்தது.

பான்டிங் பத்தியத்தைக் கடைப்பிடித்தார். எடையைக் குறித்து வைத்தார். ஆகஸ்டில் 202 ராத்தல். கிறிஸ்துமஸ் சமயத்தில் 184. மறு ஆண்டு மே மாதத்தில் 167. செப்டம்பரில் 156.

வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு ராத்தல்தான் குறைந்தது. அவசரம் இல்லை, அதிரடி இல்லை. ஆனால் ஒரு வாரம்போல மறு வாரமும் விடாமல் நடந்தது. ஓர் ஆண்டில் 46 ராத்தல், அதாவது சுமார் 21 கிலோ குறைந்துவிட்டது. இடுப்புச் சுற்றளவில் 12 அங்குலத்துக்கு மேல் போய்விட்டது.

எண்களைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. பான்டிங் இப்போது மாடிப் படியில் முன்னோக்கி இறங்கினார்! எல்லோரையும் போல, ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்து இறங்கினார். குனிந்தார், நிமிர்ந்தார். முழங்கால் கட்டை அவிழ்த்துப் போட்டார். காது நன்றாகக் கேட்டது. நடப்பது முதலிய சாதாரண தேகப்பயிற்சிகளைத் தொல்லை இல்லாமல் செய்தார். நாற்பது வயதில் படகு செய்யாத வேலையை, அறுபத்தாறு வயதில் தட்டு செய்தது.

பொதுமக்களுக்கு ஒரு கடிதம்

தமக்குக் கிடைத்ததைத் தம்மோடு வைத்துக்கொள்ள பான்டிங்குக்கு மனம் வரவில்லை. 1863-ல் பொதுமக்களுக்கு எழுதும் கடிதம்போல ஒரு சிறு புத்தகம் எழுதினார். உடல் பருமனைப் பற்றிய அந்தப் புத்தகத்தின் முதல் பதிப்பைத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டு இலவசமாகவே கொடுத்தார்.

புத்தகம் காட்டுத் தீப்போலப் பரவியது. பதிப்புக்கு மேல் பதிப்பு வந்தது. பல நாட்டு மொழிகளில் பெயர்க்கப்பட்டது. கடிதங்கள் வந்து குவிந்தன. பின்னர் விற்ற பதிப்புகளில் கிடைத்த லாபத்தை அவர் தருமத்துக்குக் கொடுத்துவிட்டார்.

வைத்திய உலகத்துக்குக் கோபம் வந்தது. சவப்பெட்டிக்காரருக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று கேலி செய்தவர்கள் உண்டு. இது புதிய விஷயமே அல்ல என்று சொன்னவர்களும் உண்டு. பான்டிங் வாதாடவில்லை. இது தம் கண்டுபிடிப்பு என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. பெருமை எல்லாம் ஹார்விக்கே என்றார். தாம் பட்டதைத்தான் எழுதினேன் என்றார்.

அவர் பெயரே ஒரு சொல்லாகிவிட்டது. இங்கிலாந்தில் பத்தியம் இருப்பதைப் பான்டிங் செய்வது என்றே பேசினார்கள். சுவீடன் நாட்டு மொழியில் இன்றும் எடை குறைக்கப் பத்தியம் இருப்பதற்கு பான்டா என்றுதான் சொல்கிறார்கள்.

இன்று நாம் கொள்ள வேண்டியது

பான்டிங்கின் தட்டை அப்படியே நாம் காப்பி அடிக்க வேண்டியதில்லை. அவர் சாப்பிட்டது அவர் ஊர்ச் சாப்பாடு. அவ்வளவு மாமிசமும், ஒயினும் வேண்டும் என்று இன்றைய வைத்தியர்கள் சொல்வதில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் வழி. சர்க்கரையைக் குறைத்தார். மாவுப் பண்டத்தை அளவோடு நிறுத்தினார். பட்டினி கிடக்கவில்லை. அவசரப்படவில்லை.

அன்று தெரியாத சில விஷயங்கள் இன்று தெரியும்.

ஒன்று: எடை ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது என்று மூட்டுவலிக்காரர்களை வைத்து ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். பான்டிங் ஏன் முன்னோக்கி இறங்க முடிந்தது என்பது இப்போது புரிகிறது அல்லவா?

இரண்டு: வயதானவர்கள் சாப்பாட்டை மட்டும் குறைத்தால், கொழுப்போடு தசையும் கரையும். தசை கரைந்தால் கால் தள்ளாடும். ஆகவே பருப்பு, பயறு, மோர், முட்டை, மீன் போன்ற தசையை வளர்க்கும் ஆகாரம் வேண்டும். தேகப்பயிற்சியும் வேண்டும். தேகப்பயிற்சி என்றால் இரண்டு மணி நேரம் படகு விடுவது அல்ல. பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில், தினம் அரை மணி நேரமாக வாரம் ஐந்து நாள் நடந்தால் போதும். முடியாதவர்கள் பத்து நிமிஷத்தில் தொடங்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பது போன்ற எளிய பயிற்சியை வாரம் இரண்டு நாள் செய்தால் தசைக்கு வலு.

மூன்று: சர்க்கரை வியாதிக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பத்தியம் தொடங்கக்கூடாது. ஆகாரம் குறைந்தால் மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். எந்த முயற்சியும் செய்யாமல் தானாக எடை குறைந்தாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

பான்டிங் 81 வயது வரை வாழ்ந்தார். 1878-ம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி லண்டனில் காலமானார். பத்தியம் தொடங்கியபின் அவருக்குக் கிடைத்தவை ஏறக்குறைய 16 ஆண்டுகள்.

உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ படியைப் பிடித்துப் பிடித்து இறங்கலாம். இனி என்ன, வயதாகிவிட்டதே என்று சொல்லலாம். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கதையைப் படித்துக் காட்டுங்கள். மாலையில் கையைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை கூடவே நடந்து போய்விட்டு வாருங்கள்.