பேராசிரியர் ஆசனத்தில் ஒரு துறவி

மடவளையிலிருந்து கண்டிக்கு வந்து, அங்கே பஸ் மாறினால் பேராதனை. எமது பாடசாலையிற் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்த மாணவியருக்கு இந்த வழி நன்கு பழக்கமானது. முஸ்லிம் மாணவி ஒருத்தி அங்கே தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்பதும், இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வதும் இன்று வியப்புக்குரிய செய்திகள் அல்ல. விரிவுரை மண்டபத்திலும் ஆய்வரங்கிலும் அப்பொருளுக்கு உரிய இடம் உண்டு. எண்பது ஆண்டுகளுக்கு முன்னர் நிலைமை அவ்வாறு இருக்கவில்லை. அந்த மாற்றத்துக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் காவியுடை தரித்த ஓர் இந்துத் துறவி என்பதை இளைய தலைமுறையினர் பலர் அறியார். அவர்தான் சுவாமி விபுலாநந்தர். இந்த நூற்றாண்டு மலரிலே அவரது வாழ்க்கையை நினைவுகூர்வது பொருத்தமென்று கருதுகிறோம்.

மட்டக்களப்புக்குத் தெற்கேயுள்ள காரைதீவில், 1892ஆம் ஆண்டு, சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார். இயற்பெயர் மயில்வாகனம். காரைதீவின் எல்லையிலே சாய்ந்தமருதும் மாளிகைக்காடும் இருக்கின்றன. முஸ்லிம்களும் தமிழரும் ஒரே வயல்வெளியில் வேலை செய்து, ஒரே சந்தையில் கொடுக்கல் வாங்கல் செய்த பிரதேசம் அது. பிற்காலத்தில் அவர் காட்டிய பரந்த மனப்பான்மை புத்தகத்திலிருந்து மட்டும் வந்ததன்று.

மட்டக்களப்பு அர்ச். மைக்கேல் கல்லூரியிற் படித்து, 16 வயதிலேயே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியடைந்தார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916இல் விஞ்ஞான டிப்ளோமாவையும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டத்தையும் பெற்றார். இலங்கையிலிருந்து அப்பண்டிதர் பரீட்சையில் முதன்முதலிற் சித்தியடைந்தவர் அவரே. 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பீ.எஸ்ஸி. பட்டமும் கிடைத்தது. ஆய்வுகூடமும் ஏட்டுச்சுவடியும் ஒருவரிடமே சேர்ந்து குடியிருந்தன.

மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்தவர், 1922இல் அப்பதவியைத் துறந்து சென்னை இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனார். நாடு திரும்பியதும் மிஷன் பாடசாலைகளின் பொறுப்பு அவரிடம் வந்தது. மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. காரைதீவில் பெண் பிள்ளைகளுக்கென்று சாரதா வித்தியாலயம் நடைபெற்றது. பெண்ணைப் படிப்பிப்பதா என்று பல வீடுகளிலும் தயங்கிக்கொண்டிருந்த காலம் அது.

1931இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. பகலில் பல்கலைக்கழகத்திலே விரிவுரை செய்தார். மாலையில் அருகிலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று, அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். உயர்ந்த சபையிற் பேசுகின்ற ஒருவர் தாழ்த்தப்பட்டோர் தெருவிலும் உட்கார்ந்து படிப்பிப்பதை அக்காலச் சமூகம் எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. அவர் இரண்டையும் ஒரே கடமையாகவே செய்தார்.

யாழ் பற்றிய அவரது ஆராய்ச்சி வளர்ந்ததும் அந்தக் காலத்திலேதான். பழந்தமிழர் வாசித்த யாழ் என்னும் இசைக்கருவி வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. அதன் வடிவம் எப்படி, நரம்புகள் எத்தனை, எப்படிச் சுருதி கூட்டினார்கள் என்று சொல்ல யாரும் இருக்கவில்லை. சுவாமிகள் சிலப்பதிகாரத்தை ஆதாரமாகக் கொண்டார். அதிலே மாதவியின் அரங்கேற்றம் வருகிறது. ஆய்ச்சியர் குரவையிலே ஏழு பெண்கள் ஏழு சுரங்களின் பெயரைப் பூண்டு வட்டமாக நின்று ஆடுகிறார்கள். மற்றவர்கள் கதையாகவும் கவிதையாகவும் படித்துவிட்டுப் போன அவ்விடத்தில், எந்தச் சுரம் எந்த இடத்தில் நிற்கிறது என்று அவர் பார்த்தார். நரம்பின் நீளத்துக்கும் அதிலே பிறக்கும் சுரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணிதத்தாற் கண்டார். இடையர் பெண்களின் ஆட்டம் ஒன்று ஆராய்ச்சிக்குச் சான்றாயிற்று.

பல்லாண்டு முயற்சியில் அவர் கண்டவற்றைப் பூட்டி வைக்கவில்லை. சஞ்சிகைகளிற் கட்டுரைகளாக எழுதினார், சபைகளிற் பேசினார், கேட்டவர்களின் ஐயங்களுக்கு விடை தேடினார். பொதுச் சொற்பொழிவு அவருக்கு ஆராய்ச்சியின் ஓர் அங்கமாகவே இருந்தது. 1936இல் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கும் அவரே தலைமை தாங்கினார். விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்கலாம் என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை. தமிழ் மொழியில் விஞ்ஞானம் படித்த எங்களுக்கு அதன் அருமை தெரியும்.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலே தொடங்கியது. அடுத்த ஆண்டு அதன் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக விபுலாநந்தர் நியமனம் பெற்றார். அதற்குச் சற்று முன்னர், கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றிய அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸுடன் அவருக்கு நெருங்கிய நட்பு உண்டாயிற்று. முஸ்லிம்களின் கல்வி பற்றியும் தமிழ் பற்றியும் இருவரும் அளவளாவினர். அஸீஸ் தமிழில் எழுத முன்வந்ததற்கு அந்த நட்பு பெருந்தூண்டுதலாயிற்று. 1945இல் அஸீஸ் முன்னின்று ஆரம்பித்த இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியினால் வசதியற்ற எத்தனையோ பிள்ளைகள் பல்கலைக்கழகம் கண்டார்கள்.

அந்நாளில் பாணந்துறை ஹேனமுல்லையிலிருந்து ஓர் இளைஞர் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். முஸ்லிம் புலவர்கள் தமிழுக்குச் செய்த தொண்டு பற்றி அவரிடம் கேட்டு, அத்துறையில் நாட்டம் கொள்ளச் செய்தவர் விபுலாநந்தர். சீறாப்புராணம் முதலிய நூல்கள் எங்கள் வீடுகளில் ஓதப்பட்டு வந்தவைதாம். எனினும் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குரிய இலக்கியமாக அவற்றை மதித்தவர் அன்று மிகச் சிலரே. அந்த இளைஞரே ம. மு. உவைஸ். முஸ்லிம்களின் தமிழ்த் தொண்டையே ஆராய்ந்து 1951இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அந்த ஆய்வு 1953இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது. பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக அமர்ந்து, அவ்விலக்கியத்தின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார்.

அந்த வளர்ச்சியைப் பார்க்கச் சுவாமிகளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. நோயினால் உடல் தளர்ந்திருந்த நிலையில், 1947 ஜூன் மாதம் தஞ்சைப் பகுதியிலுள்ள திருக்கொள்ளம்பூதூரில் யாழ்நூல் அரங்கேறியது. அவருடைய கணக்கின்படி செய்யப்பட்ட யாழ்களும் அங்கே கொண்டுவரப்பட்டன. ஏறக்குறைய ஆறு வாரங்களின் பின், ஜூலை 19ஆந் திகதி, அவர் காலமானார். கல்லடி உப்போடையில், தாம் எழுப்பிய வித்தியாலயத்தின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக அவர் இருந்தது நான்கு ஆண்டுகளே. கலைப்பீடம் பேராதனைக்கு வந்தது 1952இல். மகாவலிக் கரையிலே எழுந்த அந்த மண்டபங்களில் அவருடைய குரல் ஒலித்ததில்லை. ஆயினும் தமக்கு உரியதல்லாத ஒரு சமூகத்தின் இலக்கியத்தைப் பற்றி ஒரு மாணவரிடம் அவர் அக்கறையோடு கேட்ட கேள்வி, அம்மண்டபங்களில் எங்களுக்கும் இடம் உண்டென்று சொல்லிற்று.

பேராதனையில் பொதுச் சொற்பொழிவோ ஆய்வரங்கோ நடைபெறும்போது, எமது பழைய மாணவியர் தம் பெண்பிள்ளைகளையும் அழைத்துச் செல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் அறபுத் தமிழ்க் கிதாபுகளையும், உம்மம்மாவின் வாயில் எஞ்சியிருக்கும் பாட்டுகளையும் பற்றி அங்கே கேள்வி எழுப்பும் துணிவு அந்தப் பிள்ளைகளுக்கு வரவேண்டும். சுவாமி விபுலாநந்தருக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றிக்கடன் அதுவே.