பெரியபட்டினம் டு சீனா: இப்னு பதூதா எதைப் பார்த்தார், எதைத் தவறவிட்டார்?

காலேஜில் சீன சமூகம், பண்பாடு படிக்கிறவங்க எப்படியும் ஒருநாள் இப்னு பதூதாவிடம் வந்து நிற்பாங்க. சீனாவுக்குப் போறதுக்கு முன்னாடி அவர் நம்ம ராமநாதபுரம் கரையிலும் தங்கியிருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாத கதை.

1304-ல் மொராக்கோவின் டாஞ்சியரில் பிறந்தவர். 21 வயதில் மெக்காவுக்குக் கிளம்பினார். ஊர் திரும்ப 24 வருஷம் ஆச்சு. நடுவில் டெல்லியில் முகமது பின் துக்ளக்கிடம் காஜி, அதாவது நீதிபதி வேலை. 1342-ல் துக்ளக்கின் தூதராகச் சீனாவுக்குப் புறப்பட்டார். பரிசுப் பொருட்கள் ஏற்றிய கப்பல் கோழிக்கோட்டில் புயலில் உடைந்தது. டெல்லிக்குத் திரும்பப் பயம். மாலத்தீவு, இலங்கை என்று சுற்றி, 1344 வாக்கில் இன்னொரு புயலில் சிக்கித் தமிழகக் கரையில் ஒதுங்கினார்.

மதுரை சுல்தான் கியாசுதீன் அவருக்குச் சகலை. ஆனாலும் கைதிகளோடு பெண்களையும் குழந்தைகளையும் சுல்தான் கொன்றதை மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். மதுரையில் அப்போது கொள்ளைநோய். இவருக்கும் கடும் காய்ச்சல். புளியைக் கரைத்துக் குடித்துப் பிழைத்தாராம்!

'ஃபத்தன்' என்று அவர் சொல்லும் துறைமுகம், கீழக்கரை பக்கத்தில் இருக்கும் பெரியபட்டினம்தான் என்பது சில ஆய்வாளர்களின் கருத்து. கடலுக்குள் பருத்த மரங்களை நட்டுக் கட்டிய மண்டபம், கல் பள்ளிவாசல் எல்லாம் அவர் விவரிப்பில் உண்டு. 1980-களில் தஞ்சை தமிழ்ப் பல்கலைக்கழகம் பெரியபட்டினத்தில் அகழாய்வு செய்தபோது சீனப் பீங்கான் சில்லுகள் கிடைத்தன. அந்தக் காலத்திலேயே சீனச் சரக்கு இங்கே புழங்கியிருக்கு.

ஒருவழியாக அவர் சீனாவில் இறங்கிய ஊர் குவான்சோ. 1281-லேயே தமிழ்க் கல்வெட்டோடு சிவன் கோயில் இருந்த அதே துறைமுகம். அங்கே காகிதப் பணம் அவரை அசத்தியது. கிழிந்த நோட்டைக் கொடுத்தால் புது நோட்டு. வழிச் சத்திரங்களில் இரவு பயணிகளின் பெயரை எழுதிக் கதவைப் பூட்டி, காலையில் ஆள் சரிபார்த்து அனுப்பினார்கள். ஒரு கடைத்தெருவில் தன் முகமே சுவரில் படமாகத் தொங்குவதைப் பார்த்தார். வெளிநாட்டுக்காரர் குற்றம் செய்துவிட்டு ஓடினால் பிடிக்கத்தான். 14-ம் நூற்றாண்டு ஃபேஸ் ரெகக்னிஷன்!

அரசு எப்படி இயங்குதுன்னு இவ்வளவு கவனித்தவர், மக்களைக் கவனித்தாரா? சிக்கலே அங்கேதான். பெரும்பாலும் அங்கிருந்த முஸ்லிம்களின் விருந்தாளியாகவே இருந்தார். ஊர்ப் பழக்கங்கள் பிடிக்காததால் அவசியம் இல்லாமல் வெளியே போகவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். நிலக்கரியை ஒருவகை மண் என்று நினைத்துக்கொண்டார். பெய்ஜிங் வரை போனார் என்பதையே பல அறிஞர்கள் சந்தேகிக்கிறாங்க. ஆக, நோட்டும் துறைமுகமும் பற்றி அவரிடம் கேட்கலாம். ஒரு சீனக் குடும்பம் வீட்டுக்குள் எப்படி வாழ்ந்தது என்று கேட்டால், பதில் கிடைக்காது.

1349-ல் மொராக்கோ திரும்பினார். அவர் நினைவிலிருந்து சொன்னதை இப்னு ஜுசய் என்ற அறிஞர் 1355-ல் எழுதி முடித்ததுதான் 'ரிஹ்லா'. மறுபடி காஜி வேலைக்குப் போனவர், 1368 வாக்கில் இறந்தார்.