இரவுக்கு இசை தந்தவர்

மெதுவான இசை என்றால் வாசிப்பதற்கு எளிது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். பிரெடரிக் ஷோபான் என்னும் இசைமேதையின் வாழ்க்கையைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறியது. பியானோவில் இரவின் அமைதியைப் பாட வைத்தவர் அவர். ஆனால் பிறருக்கு அமைதி தந்த அவருக்கு வாழ்வில் கிடைத்த அமைதியோ மிகக் குறைவு.

ஷோபான் 1810ஆம் ஆண்டு போலந்து நாட்டில், வார்சா நகருக்கு அருகிலுள்ள செலசோவா வோலா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பிரான்சு நாட்டிலிருந்து வந்து குடியேறிய ஆசிரியர். தாய் போலந்துப் பெண்மணி. உடன்பிறந்தோர் மூவரும் பெண்கள். ஏழு வயதிலேயே அவர் இயற்றிய இசை அச்சேறியது. 1827இல் கடைசித் தங்கை எமிலியா நோயால் இறந்தாள். அப்போது அவளுக்கு வயது 14. எங்களைவிட ஒரு வயது இளையவள்!

1830 நவம்பரில் ஷோபான் பெற்றோரிடம் விடைபெற்று வியன்னா நகருக்குச் சென்றார். அம்மாத இறுதியிலேயே வார்சாவில் ரஷ்ய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது. மறு ஆண்டு அது அடக்கப்பட்டது. பாரிஸ் நகரில் தங்கிவிட்ட ஷோபான், அதன்பின் தாய்நாட்டு மண்ணை மிதிக்கவே இல்லை.

இரவின் மனநிலையைக் காட்டும் பியானோ இசைக்கு நாக்டர்ன் என்று பெயர். இதற்கு வழிகாட்டியவர் அயர்லாந்தைச் சேர்ந்த ஜான் ஃபீல்டு. அவ்வழியில் ஷோபான் 21 நாக்டர்ன்கள் இயற்றினார். அவற்றில் இடக்கை, சேர்ந்து ஒலிக்க வேண்டிய ஸ்வரங்களைப் பிரித்துப் பிரித்து, ஆடும் தொட்டிலைப் போல ஒரே சீராக வாசிக்கும். வலக்கை அதன்மேல் ஒரு மெட்டைப் பாடும். காலால் மிதிக்கும் பெடல், ஸ்வரங்கள் சட்டென்று அற்றுப்போகாமல் நீள உதவும். அதே மெட்டு மறுபடி வரும்போது புதிய அணிகளைச் சூடிக்கொண்டு வரும். விரல்கள் மனிதக் குரலைப் போலப் பாட வேண்டும் என்பதற்காக, நல்ல பாடகர்களைக் கேட்டுப் பழகுமாறு அவர் தம் மாணவர்களுக்கு அறிவுறுத்துவார்.

வீட்டைப் பிரிந்த 1830ஆம் ஆண்டிலேயே தம் அக்காள் லுட்விகாவுக்காக அவர் ஒரு நாக்டர்ன் எழுதினார். அதை அவர் அச்சுக்குக் கொடுக்கவில்லை. அக்காளும் தம்பியும் மறைந்த பிறகு, 1875இல்தான் அது வெளியாயிற்று. உலகமே கேட்டு ஆறுதல் அடையும் அந்த இசை, முதலில் ஒரு தம்பி தன் அக்காளுக்கு அனுப்பிய அன்புப் பரிசு!

பெருங்கூட்டத்தின் முன் வாசிக்க ஷோபான் கூசுவார். வாழ்நாளில் அவர் நடத்திய பொதுக் கச்சேரிகள் சுமார் 30 மட்டுமே. பியானோ கற்றுக் கொடுத்தே பெரும்பாலும் பிழைத்தார். இருமலும் இளைப்பும் அவரை விடாமல் வருத்தின. 1849இல் நோய் முற்றியபோது லுட்விகா வார்சாவிலிருந்து ஓடோடி வந்தார். இறுதி நாட்களில் ஷோபான் தம் நாட்டுக் குருவானவர் ஒருவரிடம் அவஸ்தைப்பூசுதல் பெற்றார். அக்டோபர் 17ஆம் நாள், பொழுது விடியுமுன், தமது 39ஆம் வயதில் உயிர் நீத்தார். இரவைப் பாடியவரை இரவே அழைத்துக்கொண்டது.

அவர் உடல் பாரிசில் அடக்கம் செய்யப்பட்டது. இதயத்தையோ, அவர் விரும்பியபடியே, லுட்விகா வார்சாவுக்கு எடுத்துச் சென்றார். அங்கே திருச்சிலுவை ஆலயத்தின் தூண் ஒன்றில் அது இன்றும் இருக்கிறது. உயிரோடு திரும்ப முடியாத வீட்டுக்கு அவர் இதயமாவது திரும்பிற்று.

தோழியரே, துன்பமே அறியாதவர் அல்லர், துன்பத்தைத் தம்முள் தாங்கிக்கொண்டவரே பிறர்க்கு இத்தகைய ஆறுதலைத் தந்தார். இனி எங்கள் இசை வகுப்பில் மெதுவான பாடம் ஒன்று வந்தால், அது எளிது என்று சொல்ல மாட்டோம். ஒவ்வொரு ஸ்வரத்தையும் நின்று கேட்டு வாசிப்போம்.